அரைச் சுற்று மூடி

அன்று காலை நானும் அக்காவும் ஒரு குடைக்காகச் சண்டை போட்டுக்கொண்டே லேபுக்கு வந்து சேர்ந்தோம். வீட்டில் நல்ல குடை ஒன்றுதான். அதை அக்கா எடுத்துக்கொண்டாள், கம்பி ஒடிந்த இன்னொரு குடைதான் எனக்கு மிஞ்சியது. வாசலில் வந்து நிற்கும்போது என் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது, அவள் புடவையில் பொட்டு ஈரம் இல்லை.

"இருட்டுல நிக்கப்போறவளுக்கு எதுக்கு இவ்வளவு மினுக்கு?" என்றேன்.

அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, கறுப்புக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சாயங்காலம் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அக்காவின் கோபம் பால் பொங்குகிற மாதிரி, அடுப்பை அணைத்தால் அடங்கிவிடும்.

அக்கா சுவருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஃபிலிம் கழுவும் லேபில் எங்கள் உத்தியோகம் அதுதான். அவள் பக்கத்தில் எந்நேரமும் கும்மிருட்டு. சிவப்பு விளக்கு கூடக் கிடையாது, எங்களிடம் வருகிற ஃபிலிமுக்கு எந்த வெளிச்சமும் ஆகாது. அங்கே வரிசையாகத் தொட்டிகள், உருளைகள், உருளைகளில் பாவு நூல் மாதிரி மேலும் கீழுமாக ஓடும் ஃபிலிம். அக்கா எல்லாவற்றையும் கையால் தடவியே பார்த்துக்கொள்வாள். என் பக்கத்தில் டியூப் லைட், கண்ணாடிக் குடுவைகள், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். தொட்டியில் இருக்கும் மருந்து சரியாக இருக்கிறதா என்று டைட்ரேஷன் செய்து சொல்வது என் வேலை.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே சுவரில் ஒரு பெட்டி. இங்கே ஒரு கதவு, அங்கே ஒரு கதவு. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. வெளிச்சம் புகாது, பேச்சு மட்டும் போய்வரும். நான் மணி அடித்தால் படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் மருந்தை அக்கா அதன் தொட்டியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் மொண்டு பெட்டியில் வைப்பாள். மூடியை முழுக்கத் திருக மாட்டாள், அரைச் சுற்றுதான். சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்ததிலிருந்து என் வலது மணிக்கட்டுக்குப் பலமில்லை. இதை நான் அவளிடம் கேட்டுக்கொண்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பாட்டில் வரும், மூடி தளர்வாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இருட்டில் இருப்பவரை வெளியே இருப்பவர் அடிக்கடி கூப்பிட வேண்டும். அவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம். எங்களுக்கு முந்தி வேலை பார்த்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். அக்கா அந்த ஒரு சொல்லோடு நிறுத்தமாட்டாள். "இருக்கேன்டி, எங்க போவேன்? சினிமாவுக்கா?" என்பாள். "இருக்கேன்டி, நீ தூங்கிடாதே" என்பாள்.

அன்றைக்கு மெஷினில் ஓடியது ஒரு டைரக்டரின் நெகட்டிவ். பழைய பாலம் ஒன்றை இடிப்பதற்கு முன்னால், அதன் மேல் வைத்து எடுத்த படம். பாலம் இப்போது இல்லை. மறுபடி எடுக்கவே முடியாது என்று மேனேஜர் காலையில் என்னிடமும் அக்காவிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. எதைப் பார்த்தாலும் பூட்டிவிடுவார். சர்க்கரை டப்பாவுக்குக்கூட அவரிடம் பூட்டு இருந்தது. இருட்டறையின் விளக்கு ஸ்விட்ச் கதவுக்கு வெளியே இருந்தது; யாராவது கை தவறிப் போட்டுவிடக் கூடாது என்று அதற்கும் ஒரு தகரப் பெட்டி போட்டுப் பூட்டியிருந்தார்.

மணி அடித்தேன். பெட்டிக்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பாட்டில் வந்திருந்தது.

மூடி அசையவே இல்லை.

அப்படி ஒரு இறுக்கம். துண்டைப் போட்டுப் பிடித்துத் திருகினேன். மணிக்கட்டில் சுளீர் என்று வலித்தது. இவ்வளவு கோபமா, ஒரு குடைக்கு? எனக்கும் ரோஷம் வந்தது. பெட்டியருகே குனிந்து, "அக்கா" என்றேன், வேண்டுமென்றே கடுகடுப்பாக.

"இருக்கேன்."

அந்த ஒரு சொல்தான். குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. அழுதிருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை, பேசாமல் வேலையைப் பார்த்தேன்.

டெவலப்பரில் சல்பைட் என்று ஒரு உப்பு உண்டு. மருந்து காற்றில் கெட்டுப்போகாமல் காப்பது அதுதான். அது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க, குடுவையில் அளந்து அயோடினும் கொஞ்சம் அமிலமும் விட்டு, அதில் டெவலப்பரைச் சேர்க்க வேண்டும். சல்பைட் அயோடினைத் தின்றுவிடும். தின்றது போக மிச்சமிருக்கும் அயோடினை, ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஹைப்போக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு முறிக்க வேண்டும். ஸ்டார்ச் போட்டால் நீலம் தெரியும். நீலம் மறைந்த இடத்தில் நிறுத்தி அளவைப் பார்க்கலாம். மருந்து நன்றாக இருந்தால் கொஞ்சம் ஹைப்போவே போதும். டெவலப்பரை விட்டதுமே குடுவையில் செம்பழுப்பு வெளுத்து, இளமஞ்சளாக நிற்கும்.

அன்றைக்கு வெளுக்கவில்லை.

பிப்பெட்டைத் தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று தோன்றியது. ஹைப்போவை விட்டேன். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. ப்யூரெட்டில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. நீலம் கடைசியில் மறைந்தபோது அளவைப் பார்த்தேன். தினமும் காலையில் டெவலப்பருக்குப் பதில் வெறும் தண்ணீரை வைத்து ஒரு முறை செய்து பார்ப்பேன். அதற்கு வரும் அளவு அப்படியே வந்திருந்தது, மருந்தில் சல்பைட்டே இல்லாத மாதிரி.

கை கழுவிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் அதே.

பாட்டிலை முகர்ந்தேன். தண்ணீர் இல்லை, டெவலப்பர்தான். ஆனால் அதோடு வேறு ஒன்றும் இருந்தது. தீக்குச்சியை உரசியதும் மூக்கில் ஏறுமே, அந்த நெடி.

தொட்டி நிறைய இருந்த சல்பைட் எங்கே போனது? அது தானாகப் போகாது. அமிலம் பட்டால் போகும். வாயுவாகப் போகும். மூச்சை அடைக்கும் வாயு அது. அந்த அறைக்குள்தான் போயிருக்கும்.

"அக்கா!" என்று கத்தினேன். "தொட்டியில என்ன விட்டே?"

"இருக்கேன்."

"ஃபேன் ஓடுதா? சொல்லு! ஃபேன் ஓடுதா?"

"இருக்கேன்."

"அக்கா, என் பேரைச் சொல்லு!"

பெட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. துணி மரத்தில் உரசுகிற சத்தம். பிறகு மிக அருகில், பெட்டியின் அந்தப் பக்கத்துக் கதவில் வாயை வைத்த மாதிரி, பொறுமையாக வந்தது.

"இருக்கேன்."

அது அக்கா இல்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ப்யூரெட் ஸ்டாண்டு என் கையில் இருந்தது, அதன் இரும்பு அடிப்பாகம் கனமானது. மேனேஜர் சத்தம் கேட்டு வந்து கறுப்புக் கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"பைத்தியமா உனக்கு? ஃபிலிம் ஓடிட்டிருக்கு! அவதான் பதில் சொல்றாளே!"

"சார், தொட்டியில சல்பைட் இல்ல. சொட்டுக்கூட இல்ல. உள்ள முழுக்க கேஸ்."

"நானே கேட்டேன்மா. இப்பத்தானே சொன்னா, இருக்கேன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். முகம் வெளிறிப்போனது. கைகள் தாமாகக் கீழே இறங்கின. சாவியைத் தேடித் தன் பையைத் துழாவினார், கொத்துச் சாவி தரையில் விழுந்தது.

நான் காத்திருக்கவில்லை. தகரப் பெட்டியில் இரும்பை ஓங்கி இறக்கினேன். பூட்டு தாங்கியது, தகரம் பிளந்தது. கை கிழிபட உள்ளே விட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

தாழ்ப்பாளை உடைத்துக் கதவைத் திறந்ததும் நெடி முகத்தில் அறைந்தது. ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நானும் மேனேஜரும் உள்ளே போனோம். அக்கா தொட்டிகளுக்குப் பின்னால், தூரத்து மூலையில், டிரம்களுக்கு நடுவே குப்புறக் கிடந்தாள். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே அறையின் முழு நீளம் இருந்தது. இழுத்து வெளியே போட்டோம். உதடு நீலம். மார்பை அழுத்தி அழுத்தி, "குடையை நீயே வச்சுக்கோ, நீயே வச்சுக்கோ" என்று நான் அழுதுகொண்டிருந்ததாக மேனேஜர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. அவள் இருமிய சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடி ஒரு ஆபரேட்டர் இருந்தாரும்மா," என்றார், தாழ்ந்த குரலில். "அவர் உயிர் உள்ளேயேதான் போச்சு. நெஞ்சு வலி. அன்னைக்கும் ஒரு பெரிய படம் ஓடிட்டிருந்தது. நாங்க கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தோம். அவரும் பதில் சொல்லிக்கிட்டேதான் இருந்தார். மணி அடிச்சா பாட்டிலும் வந்தது. சாயங்காலம் ஃபிலிம் முடிஞ்சு விளக்கைப் போட்டோம்."

"அப்புறம்?"

"உடம்பு விறைச்சுப் போயிருந்தது. காலையிலேயே போயிட்டார்னு டாக்டர் சொன்னார்." அவர் என் பக்கம் திரும்பவில்லை. "அப்போ சாயங்காலம் வரைக்கும் எங்களுக்குப் பதில் சொன்னது யாரு?"

அவரைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அக்கா இருமினாள், எழுந்து ஓடினேன்.

நடந்தது இதுதான். தொட்டிகளுக்கு மருந்து விடும் டிரம்களை இருட்டில் அடையாளம் காண அமில டிரம்மின் கழுத்தில் ஒரு கயிறு கட்டியிருப்போம். தொட்டு, கயிறு இருந்தால் அமிலம், இல்லாவிட்டால் டெவலப்பர். அன்று காலை புது அமில டிரம் வந்தது. காலியான டிரம்மிலிருந்து கயிற்றை அவிழ்த்து அதில் கட்ட வேண்டும். குடைச் சண்டையின் கோபத்தில் அக்கா அதை மறந்துவிட்டாள். பிறகு இருட்டில் கயிறில்லாத கழுத்தைத் தடவிப் பார்த்து, அதன் குழாயை டெவலப்பர் தொட்டிக்குக் கொடுத்துவிட்டாள். வாயுவை வெளியே தள்ள வேண்டிய ஃபேனின் பெல்ட்டும் அறுந்து கிடந்தது.

"தொண்டை எரிஞ்சுது. கதவுப் பக்கம் போகணும்னு நினைச்சேன், திசை தெரியல, விழுந்துட்டேன்," என்றாள் அக்கா. குரல் கரகரவென்று, யாருடையதோ மாதிரி இருந்தது. "நீ மணி அடிச்சதே எனக்குத் தெரியாதுடி."

"அப்போ பாட்டில்?"

"எந்தப் பாட்டில்?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

டைரக்டரின் ஃபிலிமில் மெஷினுக்குள் பாதி போயிருந்தது, மீதி தொட்டிக்கு முன்னால் உருளைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு பட்ட பிறகு அதில் ஒன்றும் தேறாது. வெளிச்சம் பட்ட ஃபிலிம் கழுவினால் முழுக்கக் கறுப்பாகத்தான் வரும். ஆனாலும் மேனேஜருக்கு மனசு ஆறவில்லை. தொட்டியைச் சுத்தம் செய்து, புது மருந்து கலந்து, விளக்கை அணைத்துவிட்டு மிச்சத்தையும் ஓட்டிப் பார்த்தார். கறுப்பாக வந்தது. ஆனால் முழுக்க இல்லை. நடுநடுவே கண்ணாடி மாதிரி தெளிந்த துண்டுகள்.

வெளிச்சம் படாமல் எதுவோ மறைத்த இடங்கள் அவை.

என்ன தோன்றியதோ, ஃபிலிமை உருளையில் தொங்கிய நீளத்துக்கு வெட்டி, தொங்கிய வரிசையிலேயே வெளிச்ச மேஜை மேல் பக்கம் பக்கமாக அடுக்கினேன். தெளிந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரு தோள் வந்தது. வளைந்த முதுகு வந்தது. தலை வந்தது.

ஒரு ஆள் குனிந்து நின்றிருந்தான். பெட்டிக்கு வாயை வைத்து.

நான் விளக்கைப் போட்டபோது நானும் மேனேஜரும் கதவுக்கு வெளியே. அக்கா தரையில். மேஜையைச் சுற்றி நின்று நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். டைரக்டரும் வந்து பார்த்தார், தன் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டார்.

"அந்தப் பழைய ஆபரேட்டர் பாட்டில் வைக்கலன்னா நான் இல்ல," என்றாள் அக்கா கடைசியில். "உயிரோட இருக்கிற எவனும் எனக்கு இவ்வளவு நல்லது பண்ணல."

மேனேஜரும் அப்படித்தான் நம்பினார். மெழுகுவர்த்தி கூட ஏற்றிவைத்தார், அதுவும் இருட்டறை வாசலில். நானும் நம்பத்தான் பார்த்தேன். நம்பினால்தான் அக்கா மறுபடி அந்த அறைக்குள் போவதை என்னால் தாங்க முடியும். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். "வேற என்ன தொழில் தெரியும் எனக்கு?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மணி அடித்தால் பாட்டில் வைக்க வேண்டும், கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். அவர் செய்தது அவ்வளவுதான். காப்பாற்றவா செய்தார்? வேலை பார்த்தார். அக்கா பக்கத்தில் செத்துக்கொண்டிருந்தபோதும் வேலை பார்த்தார்.

ஆகவே நான் சில ஏற்பாடுகள் செய்தேன். ஸ்விட்சுக்குப் பூட்டு கூடாது. புது ஃபேன். உள்ளே தாழ்ப்பாள் கூடாது. குழாய் மாற்றிப் பொருந்தாதபடி டிரம்களுக்கு வேறு வேறு வாய். எல்லாவற்றுக்கும் மேலாக, "இருக்கேன்" என்ற சொல் இனி செல்லாது. கூப்பிட்டால் அக்கா என்னைச் சின்ன வயதில் வைத பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்தால் எனக்கு அவமானம். மூக்கொழுகி.

அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "இதுக்காகவே மயக்கம் போட்டு விழலாம் போல," என்றாள்.

நாட்கள் ஓடின. கூப்பிடுவேன், "மூக்கொழுகி" என்று வரும். மணி அடிப்பேன், மூடி தளர்ந்த பாட்டில் வரும். அயோடின் வெளுக்கும், நீலம் சரியான இடத்தில் மறையும். அக்காவின் கரகரப்புக்கூடக் குறைந்து வந்தது. நான் ராத்திரியில் தூங்க ஆரம்பித்தேன்.

நேற்று முற்பகல், நல்ல வெயில். ஜன்னல் வழியாக வெளிச்சம் என் மேஜை மேல் விழுந்திருந்தது. அக்கா உள்ளே போய் நேரமாகியிருந்தது. மணி அடித்தேன், பெட்டிக் கதவு தட்டியது, பாட்டிலை எடுத்தேன். மூடி அரைச் சுற்று. விரல் பட்டதும் கழன்றுகொண்டது.

"இன்னைக்கு ஃபிலிம் ரொம்ப நீளமா, அக்கா?" என்றேன், பிப்பெட்டைக் கழுவியபடி.

"இருக்கேன்டி, மூக்கொழுகி."

அவள் குரல்தான். அந்த மிச்சக் கரகரப்பு உட்பட. நான் சிரித்துக்கொண்டே பாட்டிலைச் சாய்த்தேன்.

"என்னடி, தனியா சிரிக்கிறே?"

திரும்பினேன். அக்கா என் அறை வாசலில் நின்றாள். இரண்டு கையிலும் டீ கிளாஸ். வெளியே போய்வந்த வெயிலில் நெற்றி வியர்த்திருந்தது. "ஃபிலிம் வரல, மத்தியானத்துக்கு மேலதானாம். அதான் நாயர் கடை வரைக்கும் போயிட்டு வந்தேன்."

என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அதன் மூடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மெல்லக் கரைந்தது.

நான் சைகை காட்டினேன், பேசாதே என்று. அறையில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது.

பெட்டிக்குள் துணி உரசியது.

"அக்கா," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. "உள்ள வாயேன். மணிக்கட்டு வலிக்குதுக்கா."

அது என் குரல்.

அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டுக் கறுப்புக் கதவுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். அந்தக் குரலுக்கு ஆயுள் முழுக்க அப்படித்தான் எழுந்து வந்திருக்கிறாள். நான் பலமில்லாத வலது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் இதை எழுதும்போதும் விடவில்லை.